ஜாவர் மலையில் வடித்த நாகம்

பித்தளைப் பாத்திரம் இல்லாத வீடு நம் நாட்டில் ஒரு காலத்தில் இல்லை. தண்ணீர்க் குடம், குத்துவிளக்கு, பூசை மணி, திருமணத் தாம்பாளம் எல்லாம் பித்தளையே. அது தனி உலோகம் அன்று. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை என்பதை மாணவர்கள் அறிவார்கள். இவ்விரண்டில் செம்பை மனிதன் மிகப் பழங்காலத்திலேயே உருக்கி வார்க்கக் கற்றுக்கொண்டான். துத்தநாகமோ அவன் கைக்கு எளிதில் அகப்படவில்லை. ஐரோப்பியர் அதைத் தொழில்முறையில் பிரித்தெடுக்கத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, இராஜஸ்தானத்தில் ஆரவல்லி மலைகளுக்கிடையே ஒரு பள்ளத்தாக்கில் அவ்வுலோகத்தை வடித்து, வார்த்து, விற்று வந்தார்கள். அந்த இடத்தின் பெயர் ஜாவர். அங்கே பூமியைக் குடைந்தவர்களும் உலை மூட்டியவர்களும் செய்த தொழிலின் வரலாறே இப்பேச்சின் பொருள்.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். வடமொழி மருத்துவ நூல்களில் நாகம் என்றால் காரீயம். நம் சித்த மருத்துவர்களோ நாகம் என்ற சொல்லால் துத்தநாகத்தையே குறித்தார்கள். நாக பற்பம் என்பது அதிலிருந்து செய்த மருந்து. துத்தம் என்பது உலோக உப்பு. மயில் துத்தத்தை நாட்டு மருந்துக் கடையில் பார்த்திருப்பீர்கள். துத்தமும் நாகமும் கூடிய இப்பெயரை நம் கடற்கரைகளில் வாணிகம் செய்ய வந்த போர்த்துக்கீசியர் கேட்டுத் தம் வாயில் வந்தபடி வழங்கினர். அவர்களிடமிருந்து ஆங்கில வணிகர்கள் அதனைப் பெற்று, 'டூடனேக்' என்று தங்கள் கணக்கேடுகளில் எழுதினார்கள். போர்த்துக்கீசியர் இதை மராட்டியரிடம் கற்றார்களா, தமிழரிடம் கற்றார்களா என்ற வாதத்துக்குள் நாம் போகவேண்டியதில்லை. ஐரோப்பாவில் செய்யத் தெரியாத ஒரு பொருள் கீழ்நாட்டுப் பெயரோடு கப்பலேறிப் போயிற்று என்பதே கவனிக்கத்தக்கது.

செய்யத் தெரியாமல் போனதற்குக் காரணம் அறிவுக் குறைவு அன்று. துத்தநாகத்தின் இயல்பே காரணம். செம்புத் தாதுவையோ இரும்புத் தாதுவையோ கரியோடு சேர்த்து உலையிலிட்டுத் துருத்தி ஊதினால், கரி தாதுவிலுள்ள ஆக்ஸிஜனைக் கவர்ந்துகொள்ளும். உலோகம் உருகி உலையின் அடியில் தங்கும், அல்லது கட்டியாகத் திரளும். துத்தநாகத் தாது அவ்வளவு எளிதில் ஆக்ஸிஜனை விடாது. சுமார் 1000 டிகிரி வெப்பத்துக்கு மேல்தான் விடும். துத்தநாகம் கொதித்து ஆவியாகும் வெப்பநிலையோ 907 டிகிரி. எனவே உலோகம் பிறக்கும் கணத்திலேயே ஆவியாகப் பிறக்கிறது. அந்த ஆவி உலைவாயில் காற்றைத் தொட்டதும் எரிந்து, வெண்மையான பொடியாகி, புகையோடு போய்விடுகிறது. உலையைத் திறந்து பார்ப்பவன் அடியில் சாம்பலைத் தவிர வேறொன்றும் காணமாட்டான்.

இதனால் பழைய பித்தளைத் தட்டார்கள் வேறொரு வழியைக் கையாண்டார்கள். செம்புத் துண்டுகளையும் துத்தநாகத் தாதுவையும் கரித்தூளையும் ஒரே மூசையில் இட்டு மூடிச் சூடேற்றினார்கள். உள்ளே எழுந்த ஆவியைச் செம்பு உறிஞ்சிப் பித்தளை ஆயிற்று. உரோமப் பேரரசில் நாணயங்கள்கூட இவ்வாறு செய்த பித்தளையில் அச்சடிக்கப்பட்டன. இம்முறையில் செம்பு ஓரளவுக்கு மேல் துத்தநாகத்தை ஏற்பதில்லை. பொதுவாக நூற்றுக்கு 28 பங்கு அளவோடு நின்றுவிடும். வேண்டிய விகிதத்தில் கலக்கவேண்டுமானால் துத்தநாகம் தனியாகக் கையில் இருக்கவேண்டும். பித்தளை செய்தவன் தலைமுறை தலைமுறையாகத் துத்தநாகத்தைக் கையாண்டும், அதன் முகத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை. நினைத்துப் பார்த்தால் இது வியப்பான செய்திதான்.

இனி ஜாவருக்கு வருவோம். உதயபுரி நகரத்துக்குத் தெற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், திரி என்னும் சிற்றாறு ஓடும் பள்ளத்தாக்கில் அது இருக்கிறது. சுற்றிலும் மோச்சியா, பலாரியா, ஜாவர் மாலா, பரோய் முதலிய குன்றுகள். அவற்றின் உடல் டாலமைட் என்னும் பாறை. அப்பாறையினூடே ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும் தாது நரம்புகளில் துத்தநாகமும் காரீயமும் கந்தகத்தோடு கூடி நிற்கின்றன. காரீயத் தாதுவில் சிறிது வெள்ளியும் உண்டு.

அக்குன்றுகளின் உச்சியிலும் சரிவிலும் பழைய குடைவுகள் வாய் திறந்து கிடக்கின்றன. நரம்பு எவ்வழி போயிற்றோ அவ்வழியே மனிதனும் இறங்கியிருக்கிறான். சில இடங்களில் ஆள் குனிந்து நுழையவேண்டிய இடுக்கு. சில இடங்களில் கோயில் மண்டபம்போல் விரிந்த பெருங்குகை. கூரை சரியாமலிருக்கப் பாறைத் தூண்களை வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஜாவர் மாலாவில் இக்குடைவுகள் மேற்பரப்பிலிருந்து 100 மீட்டருக்கும் மேல் ஆழம் போகின்றன.

வெடிமருந்து இல்லாத காலத்தில் அவ்வளவு கடினமான பாறையை எப்படிப் பிளந்தார்கள்? நெருப்பால் பிளந்தார்கள். பாறையின் முகத்தில் விறகை அடுக்கிக் கொளுத்துவார்கள். சூடேறிய பாறை விரிந்து வெடிப்புக் காணும். பிறகு இரும்பு உளியாலும் சம்மட்டியாலும் அதை உதிர்ப்பார்கள். தீயிட்ட பாறைச் சுவர்கள் வளைந்து வழவழப்பாகவும் கரி படிந்தும் இருப்பதை இன்றும் காணலாம். சொல்லும்போது இது எளிதாகத் தோன்றுகிறது. நிலத்துக்கடியில் விறகு எரித்தால் புகை எங்கே போகும்? உள்ளே இருக்கும் காற்றையும் நெருப்பே உண்டுவிடும். தீ அணைந்து, புகை கலைந்து, காற்று மாறும் வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டு இறங்கியவன் திரும்பி வராமல் போகவும் கூடும். வெளிச்சத்துக்கு எண்ணெய் ஊற்றிய சிறு மண் அகல்கள்தாம். தாதுவைக் கூடையில் சுமந்து மர ஏணிகளிலும் சாரங்களிலும் ஏறினார்கள். ஊறும் நீரை வெளியேற்ற மரத்தைக் குடைந்து கால்வாய் செய்திருந்தார்கள்.

அம்மரங்களே பிற்காலத்தில் சாட்சி சொல்லின. ஈரமான குடைவுகளுக்குள் அழியாமல் நின்ற மரத்துண்டுகளைக் கதிரியக்கக் கார்பன் முறையில் ஆராய்ந்தபோது, அவற்றுள் மிகப் பழையவை கி.மு. 5ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. புத்தர் பெருமானின் காலத்துக்கு மிகவும் பிற்பட்டதல்ல அது! ஆனால் அந்நாளில் அவர்கள் துத்தநாகத்தைத் தனி உலோகமாக வடித்தார்கள் என்று இதைக்கொண்டு சொல்லிவிடக் கூடாது. வெள்ளிக்காகவும் காரீயத்துக்காகவும் அகழ்ந்திருக்கலாம். தாதுவை வறுத்துப் பித்தளைக்கும் மருந்துக்கும் வெண்பொடி செய்திருக்கலாம். சுரங்கத்தின் வயது ஒன்று, வடித்தலின் வயது மற்றொன்று. இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளாக நாம் துத்தநாகம் வடித்தோம் என்று மேடைகளில் பேசுவோர் உண்டு. சான்று அவ்வளவு தூரம் போகவில்லை. தொடர்ந்து பெருமளவில் வடித்தல் நடந்தது கி.பி. 12ஆம் நூற்றாண்டளவில் தொடங்கி என்றே ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். உலகில் வேறெங்கும் அதற்கு முற்பட்ட துத்தநாகத் தொழிற்கூடம் கண்டுபிடிக்கப்படவில்லை. உள்ள பெருமையே போதுமானதாக இருக்கிறது.

வடித்த விதத்தை நாம் அறிந்துகொண்டது 1983ஆம் ஆண்டில். பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தாரும், இலண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தாரும், இந்துஸ்தான் துத்தநாகக் கம்பெனியாரும் சேர்ந்து ஜாவரில் அகழ்வாராய்ச்சி நடத்தினர். ஹெக்டே, கிராடக் ஆகிய இரு அறிஞர்கள் இப்பணியில் முன்னின்றார்கள். பள்ளத்தாக்கு முழுவதும் மண் குழாய்போன்ற ஓட்டுத் துண்டுகள் மேடு மேடாகக் குவிந்திருப்பதை அதற்கு முன்பும் பலர் கண்டிருந்தார்கள். அம்மேடுகளில் ஒன்றைத் தோண்டியபோது, வரிசையாகக் கட்டிய ஏழு உலைகள் வெளிப்பட்டன. வடிக்கும் மூசைகள் உள்ளே வைத்தது வைத்தபடியே இருந்தன. கடைசியாக நெருப்பு மூட்டியவர்கள் என்ன காரணத்தாலோ அவற்றை எடுக்காமல் போய்விட்டார்கள். அந்த நட்டம் அவர்களுக்கு, ஆதாயம் நமக்கு.

மூசை என்பது களிமண்ணால் செய்த நீண்ட குடுவை. வடிவில் கத்தரிக்காயை ஒத்தது. நீளம் ஒரு சாணுக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். வறுத்துக் கந்தகம் நீக்கிய தாதுப்பொடி, டாலமைட், கரித்தூள், சிறிது உப்பு ஆகியவற்றைச் சாணமிட்டுப் பிசைந்து சிறு உருண்டைகளாக உருட்டி, அவற்றை இம்மூசைக்குள் நிரப்புவார்கள். நிரப்பிய பின் நடுவே ஒரு மெல்லிய குச்சியைச் செருகி, புனல்போன்ற நீண்ட மண் கழுத்து ஒன்றை வாயில் பொருத்திக் களிமண்ணால் ஒட்டிவிடுவார்கள். பிறகு மூசையைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பார்கள்.

இங்கேதான் அவர்களுடைய கூர்த்த மதி விளங்குகிறது. உலைக்கு இரண்டு அறைகள். மேலறையில் நெருப்பு, கீழறையில் நெருப்பு இல்லை. இரண்டுக்கும் இடையே துளைகள் உள்ள தடித்த மண் தட்டுகள். வரிசைக்கு ஆறாக ஆறு வரிசை, ஆக 36 மூசைகள் மேலறையில் தலைகீழாக நிற்கும். ஒவ்வொன்றின் கழுத்தும் தட்டின் பெருந்துளை வழியே கீழறைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சிறு துளைகள் காற்று மேலே ஏறவும் சாம்பல் கீழே விழவும் உதவும். நெருப்பு வலுக்கும்போது மூசைக்குள் இருக்கும் குச்சி கரிந்துபோகிறது. அது இருந்த இடத்தில் ஒரு குழல் ஏற்படுகிறது. உருண்டைகள் அதற்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விட்டமையால் சரிந்து கீழே விழுவதில்லை. கரியிலிருந்து எழும் வாயு மூசையை நிரப்பி வெளிக்காற்று நுழையாதபடி தடுக்கிறது. துத்தநாக ஆவிக்கு மேலே போக வழியில்லை, பக்கத்தில் வழியில்லை. குச்சி விட்ட குழல் வழியே கீழே இறங்கிக் குளிர்ந்த கழுத்தில் படிந்து, துளித் துளியாகச் சொட்டிக் கீழே வைத்த கலத்தில் சேருகிறது.

மேலே போகும் இயல்புடைய ஆவியைக் கீழே இறக்கி வடித்தார்கள்! சாராயம் காய்ச்சும் வாலையிலும் பன்னீர் வடிக்கும் வாலையிலும் ஆவி மேலேறிப் பிறகு குளிரும். சீனர்கள் பிற்காலத்தில் துத்தநாகம் செய்தபோதும் ஆவியை மேலே ஏற்றி, மூசையின் வாய்ப்புறத்திலேயே குளிரவைத்தார்கள். ஜாவர் முறை தனி வழி. இதில் நெருப்பின் அளவும் முக்கியம். கழுத்தின் குளிர்ச்சியும் அதைப்போலவே முக்கியம். துத்தநாகம் உருகும் நிலை சுமார் 420 டிகிரி. கழுத்து அதற்குக் கீழே குளிர்ந்துவிட்டால் உலோகம் பொடியாகப் படிந்து வீணாகும். மிகவும் சூடாகிவிட்டால் ஆவி குளிராமலே வெளியேறி எரிந்துபோகும். இவ்விரு எல்லைகளுக்கு நடுவே, 36 மூசைகளையும் ஒரே சீராகப் பல மணி நேரம் வைத்திருக்கவேண்டும். வெப்பமானி என்ற கருவி இல்லை. கண்ணும், தோலில் உறைக்கும் அனலும், பழக்கமுமே கருவிகள்.

அவர்களுடைய கண் எதைப் பார்த்தது என்பதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கிறது. 13 அல்லது 14ஆம் நூற்றாண்டில் தோன்றிய ரஸரத்ன சமுச்சயம் என்னும் வடமொழி இரசவாத நூல், துத்தநாகத் தாதுவை மஞ்சள், உப்பு, வெண்காரம், ஒட்டறை முதலியவற்றோடு அரைத்துக் கத்தரிக்காய் வடிவான மூசையில் இட்டுச் சுடும்படி கூறுகிறது. சுவாலை நீல நிறம் மாறி வெண்மையாகும்போது மூசையைக் கவிழ்த்து, வெள்ளீயம்போல் ஒளிரும் சத்தை எடுக்கவேண்டும் என்பது அதன் விதி. மஞ்சளும் பிற தாவரப் பொருள்களும் வெறும் மந்திரச் சரக்கு என்று நினைத்துவிட வேண்டாம். அவை எரிந்து கரியாகித் தாதுவின் ஆக்ஸிஜனைக் கவரும். நீலச் சுவாலை கரியின் வாயு எரிவது; வெண்சுவாலை துத்தநாக ஆவியே எரியத் தொடங்கியதன் அடையாளம். நூலாசிரியர் மருந்து செய்வோருக்காக எழுதினார். ஜாவர் உழைப்பாளிகள் இந்நூலைப் படித்துத் தொழில் கற்றார்களா, அவர்கள் தொழிலைப் பார்த்து நூல் பிறந்ததா? இரண்டுக்கும் வேர் ஒன்று என்பது மட்டும் கத்தரிக்காய் மூசையால் விளங்குகிறது. ஒரு மூசையில் செய்த சோதனையை 36 மூசைகளுக்கும், ஓர் உலையை ஏழு உலைகளுக்கும் பெருக்கியது ஜாவரின் சாதனை. ஆலைத் தொழில் என்று நாம் இன்று சொல்வதன் சாயல் அதில் இருக்கிறது.

மூசையின் வாய் ஒட்டி அடைக்கப்படுவதால் ஒரு முறை சுட்ட மூசை மறுமுறைக்கு உதவாது. எடுத்தெறிய வேண்டியதுதான். அப்படி எறிந்தவை குவிந்தே பள்ளத்தாக்கில் அம்மேடுகள் உண்டாயின. அங்குள்ள கழிவுகளை ஆறு லட்சம் டன் என்று ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அத்தனை மூசைகளையும் வனைய எவ்வளவு குயவர் வேண்டும்! விறகுக்கும் கரிக்கும் ஆரவல்லிக் காடுகள் எவ்வளவு அழிந்திருக்க வேண்டும்! குயவரும், விறகு வெட்டுவோரும், கரி சுடுவோரும், தாது உடைப்போரும், சுமப்போரும் ஒரு பெரிய ஊராகவே அங்கு வாழ்ந்திருக்கிறார்கள். பழைய ஜாவரில் சமணக் கோயில்களும் இந்துக் கோயில்களும் இடிபாடுகளாகக் காட்சியளிக்கின்றன. செல்வம் புரண்ட ஊர் என்பது கண்டவுடனே புலனாகும். கோயில் கட்டிய செல்வர் பெயர் கல்வெட்டில் இருக்கும். உலையருகே நின்றவன் பெயர் எங்கும் இல்லை. துத்தநாகப் புகையைச் சுவாசித்தவருக்குக் குளிரும் காய்ச்சலும் கண்டு மறுநாள் தணியும். காரீயம் கலந்த தாதுவில் உழல்பவருக்கு நோய் தணிவதில்லை, எலும்பில் சேர்ந்து நாளடைவில் உடலைக் கெடுக்கும். இது இன்றைய மருத்துவம் சொல்வது. ஜாவரில் எத்தனை பேர் இவ்வாறு நலிந்தார்கள் என்று எழுதி வைத்தவர் எவருமில்லை.

அரசர்களின் குறிப்பில் ஜாவர் சில இடங்களில் தலைகாட்டுகிறது. மேவார் நாட்டை 14ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆண்ட மகாராணா லாகா இச்சுரங்கங்களைத் திறந்தார் என்று இராஜபுத்திர வரலாறு எழுதிய கர்னல் டாட் கூறுகிறார். முன்பே நடந்துவந்த தொழிலை அவர் பெருக்கினார் என்று கொள்வதே பொருந்தும். டாட் இவ்வுலோகத்தை வெள்ளீயம் என்று எழுதிவிட்டார். பார்வைக்கு இரண்டும் ஒத்திருப்பதால் நேர்ந்த மயக்கம் அது. அக்பரின் அவையிலிருந்த அபுல் பசல் தமது ஐனி அக்பரியில் ஜாவரின் துத்தநாகச் சுரங்கத்தைச் சரியான பெயராலேயே குறித்திருக்கிறார். 1759ஆம் ஆண்டில்கூட ஜாவர் சுரங்கங்கள் மேவார் அரசுக்கு ஈட்டித்தந்த வருமானம் 2,22,000 ரூபாய் என்று டாட் கணக்குத் தருகிறார். அந்நாளைய ரூபாய் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் சரிவு விரைவாக வந்தது. மராட்டியப் படைகளும் கொள்ளைக் கூட்டத்தாரும் மேவாரை மாறி மாறிச் சூறையாடினர். 1812–13ஆம் ஆண்டில் கொடிய பஞ்சம் தாக்கியது. பஞ்சத்தோடு உலைகள் அவிந்தன, ஊர் கலைந்தது. 1850ஆம் ஆண்டில் புரூக் என்னும் ஆங்கில இராணுவ அதிகாரி ஜாவரைப் பற்றி ஒரு குறிப்பு எழுதி வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் வெளியிட்டார். அப்போது உலைகள் அவிந்து 40 ஆண்டுகள்கூட நிறையவில்லை. அதற்குள் தொழில் என்பது, உள்ளூரார் நினைவிலிருந்து கேட்டறிய வேண்டிய பழங்கதையாகிவிட்டது. அறுநூறு ஆண்டுகள் நின்ற ஒரு கலை ஒரு தலைமுறையில் மறைய முடியும் என்பதற்கு வேறு எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. அது ஏட்டில் எழுதிய கலை அன்று. தந்தை கையிலிருந்து மகன் கைக்குப் போன கலை. கைகள் சிதறியபோது கலையும் சிதறியது.

இதற்கிடையில் கடலுக்கு அப்பால் ஒரு காரியம் நடந்தேறியிருந்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தைச் சேர்ந்த வில்லியம் சாம்பியன் என்பவர் துத்தநாகம் வடிக்கும் முறைக்காக 1738இல் அரசாங்க உரிமைப் பட்டயம் பெற்றார். அவருடைய உலையில் பெரிய பானைகள் நெருப்பில் நின்றன. ஒவ்வொரு பானையின் அடியிலும் ஒரு துளை. துளையிலிருந்து ஒரு குழாய் கீழே இருந்த குளிர்ந்த அறைக்கு இறங்கியது. ஆவி மேலே போகாமல் கீழே இறங்கி வடிந்தது. சரக்கு சரிந்து விழாமல் இருக்கத் துளையில் ஒரு மரக்கட்டையைச் செருகினார்கள். அது சூட்டில் கரிந்து ஆவிக்கு வழிவிட்டது. ஜாவரின் குச்சியை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியுமா?

ஒற்றுமை மிக நெருக்கமானதே. கீழே இறக்கி வடிக்கும் முறை பெருந்தொழிலாக நடந்தது அதற்கு முன் இந்தியாவில்தான். இங்கிலாந்துக்கும் மேற்கிந்தியத் துறைமுகங்களுக்கும் இடையே கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்கள் அந்நாளில் இடைவிடாது போய்வந்தன. ஆகவே இம்முறை எப்படியோ ஜாவரிலிருந்து பிரிஸ்டலுக்குப் போயிற்று என்று ஐயுறுவோர் உண்டு. கிராடக் போன்ற ஆங்கில அறிஞர்களே இதைப் பரிவோடு எடுத்துப் பேசியிருக்கிறார்கள். எனினும் இன்னார் பார்த்தார், இன்னார் எழுதி அனுப்பினார், சாம்பியன் படித்தார் என்று காட்டும் ஒரு கடிதமோ கணக்கோ கிடைக்கவில்லை. திருடினார்கள் என்று கூற நமக்கு ஆதாரம் இல்லை. தாமாகவே கண்டார்கள் என்று அடித்துச் சொல்லவும் எவருக்கும் ஆதாரம் இல்லை. வரலாறு படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்கப் பழகவேண்டும் என்பது என் கருத்து. நாட்டுப்பற்று நம்மை ஒரு பக்கம் இழுக்கும். அதற்காக விடுபட்ட கண்ணியை நாமே செய்து கோத்துவிடலாகாது. சாம்பியனுக்கும் அத்தொழில் வாழ்வு தரவில்லை. 1769இல் அவர் கடனாளியாகித் திவாலானார். அவர் முறையோ நிலைத்தது. பெர்லினில் மார்க்கிராப் என்னும் வேதியியல் அறிஞர் 1746இல் துத்தநாகத்தின் இயல்பைத் தெளிவாக ஆராய்ந்து விளக்கினார். 19ஆம் நூற்றாண்டில் இரும்புத் தகட்டுக்குத் துத்தநாகப் பூச்சுப் பூசித் துருப்பிடிக்காமல் காக்கக் கற்றபின், அதன் தேவை உலகெங்கும் பல மடங்கு பெருகியது.

ஜாவர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் உறங்கிக் கிடந்தது. அதை எழுப்பியது ஒரு போர். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போயிற்று. அங்கிருந்த பாட்வின் சுரங்கத்தின் காரீயம் இந்தியாவுக்கு வருவது நின்றது. அப்போது புவியியல் ஆய்வுத் துறையார் மேவாரின் பழைய குடைவுகளை நாடிச் சென்றார்கள். பழையவர்கள் எங்கே தோண்டினார்களோ அங்கேயே, அவர்கள் எட்டாத ஆழத்தில், தாது தொடர்ந்து இறங்கியிருப்பது தெரிந்தது. முதலில் ஒரு தனியார் கம்பெனி சுரங்கத்தை நடத்தியது. 1965இல் அரசாங்கம் அதை ஏற்றது. 1966 ஜனவரியில் இந்துஸ்தான் துத்தநாகக் கம்பெனி அரசுத்துறை நிறுவனமாக உருவாகியது. 2002இல் அதன் நிர்வாகம் மீண்டும் தனியாரிடம் சென்றது.

இடைக்காலத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. வேதனை என்றும் சொல்லலாம். ஜாவரில் எடுத்த துத்தநாகத் தாதுவை உலோகமாக்க இந்தியாவில் ஆலை இல்லை. ஆகவே அதை ஜப்பானுக்குக் கப்பலில் அனுப்பி உலோகமாக்க வேண்டியிருந்தது. உலகிலேயே முதன்முதலில் துத்தநாகத்தைப் பெருமளவில் வடித்த பள்ளத்தாக்கின் தாது, வடிப்பதற்கு இடம் தேடிக் கடல் கடந்து போயிற்று! கேரளத்தில் ஆலுவாய்க்கு அருகில் 1967இலும், உதயபுரிக்கு அருகில் தேபாரியில் 1968இலும் ஆலைகள் ஏற்பட்ட பிறகே அந்நிலை மாறியது. தேபாரி ஆலை தொடக்கத்தில் ஆண்டுக்கு 18,000 டன் செய்யும் திறனுடையதாக அமைந்தது.

இன்றைய முறை முற்றும் வேறு. துளையிட்டு வெடி வைத்துப் பாறையைத் தகர்க்கிறார்கள். பொறிகளால் மேலே தூக்குகிறார்கள். தாதுவில் துத்தநாகம் நூற்றுக்குச் சில பங்கே இருக்கும். ஆகவே அதை மாவுபோல் அரைத்து, நீரில் கலக்கி, சில இரசாயனப் பொருள்களைச் சேர்த்துக் காற்றை ஊதுவார்கள். நுரை பொங்கும். நுரைக் குமிழிகளில் முதலில் காரீயத் தாதுவின் துகள்களும், அடுத்த தொட்டியில் துத்தநாகத் தாதுவின் துகள்களும் ஒட்டிக்கொண்டு மேலே மிதந்து வரும். வெறும் கல்மாவு அடியில் தங்கும். கனமான உலோகத் தாது மிதப்பதும் இலேசான கல் அமிழ்வதுமான இந்த விந்தையை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில் சுரங்கத்தில் தொழிலாக வளர்த்தார்கள். பின்னர் தாதுவை வறுத்துக் கந்தகத்தைப் பிரித்துக் கந்தக அமிலமாக்குகிறார்கள். வறுத்த பொடியை அவ்வமிலத்திலேயே கரைத்து, மாசு நீக்கி, கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் அலுமினியத் தகட்டின்மேல் துத்தநாகம் ஏடு ஏடாகப் படியும். அதை உரித்து உருக்கி வார்க்கிறார்கள். ஆவியைப் பிடிக்கும் தொல்லையே இதில் இல்லை. ஜாவர் உழைப்பாளிகளை வாட்டிய வினாவுக்கு விடை காணாமல், அவ்வினாவையே மின்சாரம் ஒதுக்கிவிட்டது என்று சொல்லலாம்.

உலோகத் தொழில் வரலாற்றில் சிறப்புமிக்க இடமாக ஜாவரை அமெரிக்க உலோகவியல் சங்கத்தார் 1988இல் அறிவித்தார்கள். சுரங்கத்தில் வேலை இன்றும் நடக்கிறது. சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே பழைய ஊரின் இடிந்த சுவர்கள் இருக்கின்றன. அவற்றுட் சில கல்லாலும் செங்கல்லாலும் கட்டியவை அல்ல. சுட்டு எறிந்த மூசைகளை அடுக்கி மண் பூசிக் கட்டியவை. வீடு கட்டினவனுக்கு அவை காசில்லாமல் கிடைத்த நல்ல செங்கற்கள். அத்தகைய மூசைகளை உடைத்துப் பார்த்தால், உள்ளே இறுகிக் கிடக்கும் கசடின் நடுவே, எரிந்துபோன குச்சி விட்ட துளை இன்னும் தெரிகிறது.